அதிமதுரத்தில் வேகாத வேர்

டொரண்டோவில் எனக்கு மூன்று வார வேலை இருந்தது. ஒரு சீன வேரை எப்படி வேகவைப்பது என்று கற்றுக்கொண்டு வரவேண்டும். திருநெல்வேலியில் நான் வேலை பார்க்கும் சித்த மருந்து ஆய்வுக்கூடத்தில் இதைச் சொன்னபோது, "வேகவைக்கவா அவ்வளவு தூரம்?" என்று அலுவலக மேலாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அது 2009 மே மாதம். வன்னியில் போர் முடியப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எப்படி முடியும் என்பதைத்தான் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

என்னோடு கல்லூரியில் படித்த யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தன் அக்கா வீட்டில் தங்க ஏற்பாடு செய்திருந்தார். நகரின் கிழக்கே ஸ்கார்பரோவில், வெக்ஸ்போர்ட் என்ற பகுதி. அக்காவின் பெயர் யோகேஸ்வரி. ஐம்பது வயதிருக்கும். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. கணவர் சிவபாலன் ஒஷாவாப் பக்கம் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக இருக்கிறார். ஒரே மகன் வேறு நகரத்தில் தங்கிப் படிக்கிறான். வீட்டின் நிலவறையில் எனக்கு ஓர் அறை. சன்னலில் கண் வைத்தால் புல்லின் வேர் மட்டத்தில் உலகம் தெரியும்.

முதல் நாள் சாப்பாடு இடியப்பமும் சொதியும். எங்கள் ஊரிலும் சொதி உண்டு என்று சொன்னேன். கல்யாணத்துக்கு மறுநாள் வைப்போம், பாசிப்பருப்பும் காய்களும் போட்டுக் கெட்டியாக இருக்கும், தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. யோகேஸ்வரி அக்கா நம்பவில்லை.

"பருப்புப் போட்டால் அது சொதியோ? அது கறியெல்லே," என்றார்.

இங்கே சொதி தண்ணீர் போல மஞ்சளாக இருந்தது. தேங்காய்ப்பாலும் எலுமிச்சையும் மட்டும். ஐந்தாவது இடியப்பத்துக்குப் பிறகு நான் கட்சி மாறிவிட்டேன்.

சிவபாலன் அண்ணன் ஓர் இடியப்பத்தைப் பிய்த்து வைத்திருந்தார், சாப்பிடவில்லை. என்னிடம் பயணம் எப்படி என்று கேட்டார், பதிலுக்கு நிற்காமல் எழுந்து போய்த் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தார்.

"குறை நினையாதேங்கோ தம்பி. அவற்றை தங்கச்சி குடும்பம் அங்கை உள்ளுக்கை மாட்டுப்பட்டுப்போய் நிக்குது. பங்குனிக்குப் பிறகு ஒரு கதையும் இல்லை. வேலைக்கும் போறேல்லை, லீவிலை நிக்கிறார்," என்றார் அக்கா.

மறுநாள் காலை வார்டன் வீதியில் பஸ் பிடித்து, சுரங்க ரயில் மாறி, பல்கலைக்கழகம் போனேன். பஸ் ஓட்டுநர் ஒரு மெல்லிய காகிதத் துண்டு தருவார். அதைக் காட்டினால் அடுத்த வண்டிக்குத் தனியாகச் சீட்டு வேண்டாம். அதைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சுமந்தேன். சில மணி நேரத்தில் அது செல்லாமல் போகும் என்று சொல்ல ஆளில்லை. மாலையில் ஓட்டுநர் அதைப் பார்த்து, "இது ரொம்ப நல்ல ஞாபகச் சின்னம்," என்றார்.

ஆய்வுக்கூடத்தில் எனக்கு வழிகாட்டியவர் டாக்டர் லியு. செங்டு நகரத்துக்காரர், என் வயது, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுபவர். மேசையில் ஒரு கைப்பிடி வேரைக் கொட்டினார். பழுப்பு நிறம், சுண்டுவிரலைவிட மெலிசு, உள்ளே துளை. நடுவில் உள்ள கட்டை நரம்பை உருவி எடுத்துவிடுவார்களாம். பெயர் யுவான் ஜி. "தூரம் என்று ஓர் எழுத்து, மன உறுதி என்று ஓர் எழுத்து," என்றார். தூக்கமின்மைக்கும் மறதிக்கும் கலங்கிய மனத்துக்கும் அவர்கள் காலங்காலமாகக் கொடுத்துவரும் வேர்.

"பச்சையாகக் கடித்துப் பார்," என்றார்.

கடித்தேன். முதலில் லேசான கசப்பு. பிறகு தொண்டையில் யாரோ பிரஷ் போட்டுத் தேய்ப்பதுபோல ஒரு காறல். புளி சேர்க்காமல் அவித்த கருணைக்கிழங்கு எங்கள் வீட்டில் ஒருமுறை பரிமாறப்பட்டது, அந்த ஞாபகம் வந்தது. டாக்டர் லியு தண்ணீர்க் கோப்பையைத் தயாராக வைத்திருந்தார். "நிறையப் போனால் வயிறு திருப்பிக் கொடுத்துவிடும்," என்றார்.

காறலை எடுக்கும் வழி எளிது. அதிமதுரத்தைத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றில் வேரைப் போட்டு, மெல்லிய சூட்டில் சாறு முழுக்க வேருக்குள் போகும்வரை வேகவைத்து, உலர்த்தவேண்டும். நாங்கள் சுத்தி என்று செய்வதும் இதுதான். நஞ்சுள்ள சரக்கைப் பாலிலோ கோமியத்திலோ எலுமிச்சைச் சாற்றிலோ போட்டு அதன் குணத்தைத் திருப்புவது. ஆய்வுக்கூடத்தின் கேள்வி அடுத்தது. காறலோடு சேர்ந்து, மனச்சோர்வை நீக்கும் குணமும் போய்விடுகிறதா, கூடுகிறதா, அப்படியே நிற்கிறதா?

அதைப் பார்க்க எலிகள். கண்ணாடிச் சாடியில் தண்ணீர், அதில் ஓர் எலி. கொஞ்ச நேரம் நீந்தும். பிறகு நீந்துவதை நிறுத்திவிட்டு மூக்கை மட்டும் மேலே வைத்து மிதக்கும். மிதக்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்து எழுதுவோம். நேரம் முடிந்ததும் எடுத்துத் துணியால் துடைத்து, விளக்குச் சூட்டில் விடுவோம். மருந்து கொடுத்த எலி அதிக நேரம் நீந்தினால் நல்லது.

"மனம் விட்டுவிட்டது என்று எழுதலாமா?" என்று கேட்டேன்.

"கூடாது. அசைவில்லை என்று எழுது. அதன் மனம் உனக்குத் தெரியுமா?"

அசைவில்லை என்று எழுதினேன்.

முதல் வாரக் கடைசியில் ஒருநாள் பராக்குப் பார்த்ததில் இறங்கவேண்டிய நிலையத்துக்கு முன்னாலேயே இறங்கிவிட்டேன். படியேறி வெளியே வந்தால் யூனிவர்சிட்டி அவென்யூவே அடைத்துக் கிடந்தது. எங்கு பார்த்தாலும் தமிழர்கள். போரை நிறுத்தச் சொல்லும் அட்டைகள், கொடிகள், படங்கள், தள்ளுவண்டியில் குழந்தைகள், மடக்கு நாற்காலியில் வயதானவர்கள். வேட்டி கட்டாத, ஒலிபெருக்கியில் பாட்டுப் போடாத அவ்வளவு பெரிய தமிழ்க் கூட்டத்தை நான் ஊரில் பார்த்ததில்லை. ஓர் அம்மா பெட்டியிலிருந்து பன் எடுத்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார். நான் நன்றி சொன்ன விதத்தைக் கேட்டு நின்றார்.

"நீங்கள் இந்தியாவோ?"

"ஆமாம்மா."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நீட்டிய பன்னைத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்றே நினைத்தேன்.

"சாப்பிடுங்கோ. நீங்கள் தனிய என்ன செய்யிறது," என்று கொடுத்துவிட்டு நகர்ந்தார். உள்ளே சீனிச் சம்பல், இனிப்பும் உறைப்புமாக வதக்கிய வெங்காயம், இருந்தது. அன்று ஆய்வுக்கூடத்துக்கு ஒரு மணி நேரம் தாமதம்.

இதை மாலையில் வீட்டில் சொன்னேன். சிவபாலன் அண்ணனும் முன்பு தினம் அங்கே போய் உட்கார்ந்திருந்தாராம். ஏப்ரலில் ஒருநாள் திரும்பி வந்து காலணியைக் கழற்றியவர் அதன்பின் போகவில்லை.

இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை சாப்பாட்டின்போது அக்கா கேட்டார்: "தம்பி, நீங்கள் அவிக்கிற உந்த வேர் என்னத்துக்கு?"

அதுவரை அந்த வீட்டில் யாரும் என் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கால் மணி நேரம் பேசியிருப்பேன். மனச்சோர்வு, தூக்கம், அதிமதுரம், எலி எல்லாம் சொன்னேன். பச்சையாகக் கொடுக்கக்கூடாது என்று சொன்னேனா என்பது இன்றுவரை நினைவில்லை. சொல்லியிருந்தாலும் பாடம் நடத்தும் குரலில்தான் சொல்லியிருப்பேன். அந்தக் குரலை யாரும் கேட்பதில்லை.

"அதின்ரை பேர் என்ன?"

சீன எழுத்தில் எழுத ஒரு வாரமாகப் பழகியிருந்தேன். செல்லாத பஸ் துண்டு ஒன்றின் பின்புறம் இரண்டு எழுத்துகளையும் வரைந்து காட்டினேன். நன்றாக வந்திருந்தது. அக்கா அதை வாங்கிக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். என் கையெழுத்தைப் பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கள்கிழமை விக்டோரியா நாள் விடுமுறை. ஆய்வுக்கூடம் மூடியிருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. தொலைபேசி ஓயவில்லை. அக்கா ஒவ்வோர் அழைப்பையும் எடுத்து, "ஒண்டும் தெரியேல்லை, ஒண்டும் தெரியேல்லை," என்று மட்டும் சொல்லி வைத்தார். சிவபாலன் அண்ணன் தொலைக்காட்சியை அணைத்தார். வெளியே போய்ப் புல் வெட்டும் இயந்திரத்தை இயக்கி, முன்பக்கம், பின்பக்கம், பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் புல்லையும் வெட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் ஓர் இத்தாலியப் பெரியவர், நன்றி சொல்ல பியர் புட்டியோடு வந்தார். அண்ணன் அதை வாங்கிப் படியில் வைத்தார். பொழுது சாயும்போது தெருவில் பிள்ளைகள் விடுமுறை வாணவேடிக்கை விட்டார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அக்கா கதவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்பி மேலே வந்தேன். குளியலறைக் கதவு திறந்திருந்தது. சிவபாலன் அண்ணன் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்து வியர்த்திருந்தது. அக்கா முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன சாப்பிட்டார்க்கா?"

"ஒண்டும் சாப்பிடேல்லை. விடியத் தொடக்கம் சத்தி எடுக்கிறார்." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உங்கடை வேரைத்தான் அவிச்சுக் குடுத்தனான்."

சமையலறைக்குப் போனேன். அடுப்பில் அலுமினியப் பானை, அடியில் பழுப்புச் சக்கை. பக்கத்தில் கடைப்பொட்டலம். ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தேன். காறல். அதிமதுரத்தின் இனிப்பு துளியும் இல்லை.

சனிக்கிழமை சீனக் கடைக்குப் போய், நான் எழுதிய துண்டைக் காட்டி வாங்கியிருக்கிறார். பதப்படுத்திய வேருக்கு அந்த இரண்டு எழுத்துக்கு முன்னால் மூன்றாவதாக ஓர் எழுத்து உண்டு. அதை நான் எழுதவில்லை. கடைக்காரர் எழுதியிருந்ததைக் கொடுத்தார். மூன்று நாளாக அக்கா அதை அவித்துக் கொடுத்திருக்கிறார். முதல் இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை என்று மூன்றாம் நாள் இன்னொரு கைப்பிடி கூட்டிவிட்டார்.

"டாக்டர் கொடுத்த மாத்திரை ஏதாவது சேர்த்து எடுத்தாரா?"

"மனவருத்தத்துக்கு எண்டு சித்திரையிலை குளிசை குடுத்தவை. ஒண்டையும் எடுக்கேல்லை. பெட்டியோடை அப்பிடியே கிடக்குது. அதைக் கண்டிட்டுத்தானே நான் இதைத் தேடினது."

அக்காவே காரை ஓட்டினார். பின்னிருக்கையில் நான் அவரைப் பிடித்துக்கொண்டு, மடியில் பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்தார்கள், சொட்டுநீர் ஏற்றினார்கள். தலைப்பாகை கட்டிய இளம் மருத்துவர் வந்தார். என்ன வேர், எவ்வளவு, எப்படி என்று எல்லாம் சொன்னேன். பெயரை எழுதித் தரச் சொன்னார். இந்த முறை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

வயிறு அடங்கிவிட்டது, பயமில்லை என்றார் மருத்துவர். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு அண்ணனிடம் மற்ற கேள்விகளைக் கேட்டார். தூக்கம், பசி, வேலை. தொழிற்சாலை ஆங்கிலம் அண்ணனுக்கு நன்றாகவே வரும். ஆனால் எல்லாவற்றுக்கும், "ஓகே, ஓகே," என்றார். மருத்துவர் என் பக்கம் திரும்பினார். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டிருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை, அவருக்குச் சம்மதமென்றால் நீங்கள் கேட்கிறீர்களா என்றார். அண்ணன் தலையசைத்தார். தூக்கமும் பசியும் கேட்டேன். அடுத்த கேள்வியை மருத்துவர் மெதுவாகச் சொன்னார். நான் அதைத் தமிழில் அடுக்கிப் பார்த்தேன். எப்படி அடுக்கினாலும் ஒன்றுதான்.

"அண்ணா, உயிரோட இருக்க வேண்டாம்னு எப்பவாவது தோணுதான்னு கேக்கிறார்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"காரை எங்கை விட்டனீர்?"

"வாசல் பக்கத்திலை."

"பார்க்கிங் டிக்கெட் போடப் போறாங்கள். போய் மாத்தி விட்டிட்டு வாரும்."

அக்கா போனார். அவர் விலக்கிய திரை மீண்டும் மூடும்வரை அண்ணன் காத்திருந்தார்.

"ஓம்," என்றார்.

"எவ்வளவு நாளா?"

"பங்குனியிலையிருந்து."

மொழிபெயர்த்துச் சொன்னேன். மருத்துவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். இரண்டு வாரமாக அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். வேரைப் பற்றிக் கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். இதைக் கேட்க அந்த மனிதர் வாந்தி எடுக்க வேண்டியிருந்தது.

சில நாள் மருத்துவமனையில் தங்க அண்ணன் ஒப்புக்கொண்டார். மனைவிக்கு இப்போது எதுவும் சொல்லவேண்டாம் என்று மருத்துவரிடமும் என்னிடமும் கேட்டுக்கொண்டார். திரும்பி வந்த அக்காவிடம், ஓய்வு வேண்டும், கவனித்துக்கொள்கிறோம் என்று மட்டும் மருத்துவர் சொன்னார். காரில் அக்கா கேட்டார்:

"வயிறு சரியாப்போச்சு எண்டால் ஏன் மறிச்சு வைச்சிருக்கினம்? உந்த வேர் வேறை எங்கையும் பிடிச்சிட்டுதோ?"

"இல்லக்கா. ஓய்வுக்குத்தான்."

அவர் நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் மிச்ச வேரைக் குப்பையில் கொட்டினார். பானையை மூன்று முறை தேய்த்தார். பிறகு பானையையும் குப்பையில் போட்டார். அடுத்த இரண்டு நாளும் அதே கேள்வியை வேறுவேறு விதமாகக் கேட்டார். மூன்று நாள் குடித்ததால் ஈரலில் பட்டிருக்குமோ, தலைக்கு ஏறியிருக்குமோ. அவரை ஒரே வாக்கியத்தில் விடுவிக்க என்னால் முடியும். அந்த வாக்கியம் என்னுடையதில்லை.

டாக்டர் லியுவிடம் நடந்ததைச் சொன்னேன். கடை எது என்று கேட்கவில்லை. "எழுத்தை நீதானே எழுதினாய்?" என்றார். பேனாவை எடுத்து என் குறிப்பேட்டில் அந்த மூன்றாவது எழுத்தைப் பெரிதாக எழுதினார். பிறகு, "எலிகளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் அந்த ஆளைப் பார்," என்றார்.

வியாழக்கிழமை தனியாகப் போனேன். அண்ணன் சவரம் செய்திருந்தார். தட்டில் ஜெல்லி பாதி காலியாகியிருந்தது.

"அக்கா, தன்னாலதான் உங்களை வச்சிருக்காங்கன்னு நினைக்கிறாங்கண்ணா. பானையைக் கூடத் தூக்கிப் போட்டுட்டாங்க."

"எந்தப் பானை?"

"அலுமினியப் பானை."

"அது நல்ல பானை," என்றார். சன்னல் பக்கம் திரும்பினார். கீழே 401 நெடுஞ்சாலை, இரண்டு பக்கமும் வண்டிகள். "நீங்கள் சொல்லேல்லையோ?"

"நான் சொல்ற விஷயம் இல்லையே."

"முதல் நாளே எனக்குத் தெரியும் தம்பி, அது ஏதோ பிழையான சாமான் எண்டு. தொண்டை எரிஞ்சது. அவ கோப்பையைத் தந்திட்டுப் பாத்துக்கொண்டு நிண்டவ. குடிக்காட்டி அழுவா. அதுதான் குடிச்சனான்."

அவரே தொடர்ந்தார்.

"பங்குனியிலை தங்கச்சி போன் எடுத்தவள். அண்ணை, பிள்ளையளையாவது எப்பிடியாவது வெளியிலை எடுக்கேலுமோ எண்டு கேட்டவள். நான் பாப்பம் எண்டனான். உடனை லைன் கட். பாப்பம் எண்டதுதான் அவள் கடைசியாக் கேட்டது."

வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று கேட்கத் தோன்றியது. அவர் அதை என்னைவிட அதிகமுறை கேட்டிருப்பார். ஜெல்லியை அவர் பக்கம் தள்ளினேன். சாப்பிட்டார்.

கடைசி நாட்களில் ஆய்வுக்கூட வேலையை ஓரளவு முடித்தேன். பச்சை வேருக்கும் அதிமதுரத்தில் வெந்த வேருக்கும் வித்தியாசம் இருந்தது. ஆனால் எலிகளின் எண்ணிக்கை குறைவு, அடித்துச் சொல்ல முடியாது. வெந்ததைத் தின்ற எலிக்கு வயிறு கெடவில்லை என்பதை மட்டும் உறுதியாக எழுதினோம். அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார், மாத்திரையும் எடுக்கத் தொடங்கியிருந்தார். அவருடைய தங்கையைப் பற்றிய செய்தி நான் ஊர் திரும்பிப் பல வாரம் கழித்துத்தான் வந்தது. வவுனியாப் பக்கம் ஒரு முகாமில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். கணவனைப் பற்றித் தகவல் இல்லை. இதைத் தொலைபேசியில் சொன்ன அண்ணன் மறுநாள் காலை வேலைக்குப் போகவேண்டும் என்று சீக்கிரம் வைத்துவிட்டார்.

அது பிறகு. நான் புறப்பட்ட நாளில் அக்காதான் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனார். நெடுஞ்சாலையில் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. அக்கா முன்னால் நின்ற லாரியைப் பார்த்தபடியே சொன்னார்:

"இவர் ராத்திரிச் சாப்பாட்டோடை எனக்கு எல்லாம் சொன்னவர். ஆஸ்பத்திரியிலை என்ன கேட்டவை, தான் என்ன சொன்னது எண்டு. அதுக்குத்தான் அண்டைக்கு என்னைக் காரை மாத்தச் சொல்லி அனுப்பினது எண்டும் சொன்னவர்."

"சரிக்கா."

"உங்களுக்கு முதலே தெரியும்."

"தெரியும்."

லாரி நகர்ந்தது. அவரும் காரை நகர்த்தினார்.

"அவர் சத்தி எடுக்காட்டி நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கமாட்டம். அவையும் கேட்டிருக்கமாட்டினம்." கண்ணாடியில் பின்னால் பார்த்தார். "அப்ப நான் அந்த வேரை அவிச்சது பிழையில்லைத்தானே தம்பி?"

பிழையில்லை என்றே சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"பிழைதான்க்கா," என்றேன். "நம்ம ரெண்டு பேர் மேலயும் பிழைதான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அந்த மூன்று வாரத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு நிற்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டதில், விமான நிலையத்துக்குத் திரும்பும் வழியைத் தவறவிட்டார். அடுத்த வெளிவழிவரை போய்ச் சுற்றி வந்தோம்.